சண்டைப் படமும் சாதகமும்

மயிலாப்பூரில் பிறந்து, கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றியே அறுபத்தைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒருத்தி வானொலியில் பேச வந்தால், சங்கீதத்தைப் பற்றியோ அறுபத்துமூவர் விழாவைப் பற்றியோ பேசுவாள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ சண்டைப் படம். அதுவும் நம் நாட்டுச் சண்டைப் படம் மட்டுமன்று. ஹாங்காங், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து வரும் படங்கள். இவற்றை நாற்பத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆராய்ச்சிக்காகப் பார்த்தேன் அல்லேன். சீன மொழியில் ஒரு சொல்லும் அறியேன். கையை எப்படி மடக்கிக் குத்தினால் கட்டைவிரல் முறியாது என்பதைக்கூடச் சென்ற ஆண்டுதான் என் பேத்தி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். சிலர் கிரிக்கெட் பார்ப்பதுபோல, ஒரு தட்டு முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவள் நான். அத்தகைய பார்வையாளருக்கும் சில எண்ணங்கள் தோன்றத்தானே செய்யும்? அவற்றையே இன்று சொல்ல வந்தேன்.

சண்டை என்பது தமிழ்ப் படத்திற்குப் புதிதன்று. 1937-ஆம் ஆண்டிலேயே 'மின்னல்கொடி' என்ற படத்தில் கே. டி. ருக்மணி என்னும் நடிகையார் சண்டை புரிந்து பெயர் பெற்றார். எம்.ஜி.ஆர். சிலம்பம் பயின்றவர், 1963-இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் அவர் கம்பு சுழற்றிய அழகை இன்றும் வியந்து பேசுவோர் உளர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர் ஒரு மற்போரைப் பாடியிருக்கிறார். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்ற செய்தி அது. அந்தப் புலவர் வெற்றி பெற்றான் என்று வாளா சொல்லிவிட்டுப் போகவில்லை. சோழனுடைய ஒரு கால் எங்கே இருந்தது, மற்றொரு கால் எங்கே இருந்தது என்று இரண்டையும் தனித்தனியே சொல்லுகிறார். நல்ல சண்டைப் படம் எடுப்பவனும் இதைத்தானே செய்கிறான்! கால்களைக் காட்டாத சண்டை சண்டையன்று என்பது என் கருத்து. இதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்படி நம்மிடம் சொந்தச் சரக்கு இருந்தபோதுதான் புரூஸ் லீ வந்தார். 'என்டர் தி டிராகன்' 1973 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஜூலை 20-ஆம் நாள், அவர் ஹாங்காங்கில் காலமாகிவிட்டார். அப்போது அவருக்கு வயது 32. ஆகவே அந்தப் படம் கடல் கடந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, மறைந்துவிட்ட ஒரு மனிதரைத்தான் நம் இளைஞர்கள் முதன்முதலாகக் கண்டார்கள். அதனால்தானோ என்னவோ, முடிதிருத்தும் நிலையங்களில் எம்.ஜி.ஆர். படத்திற்கும் முருகன் படத்திற்கும் நடுவே புரூஸ் லீயின் படமும் ஏறிக்கொண்டது. தெருமுனைகளில் 'கராத்தே வகுப்பு' என்ற பலகைகள் தோன்றின. எங்கள் தெருவில் இரண்டு பலகைகள் இருந்தன, கற்றுக்கொடுத்தவர் ஒருவரே.

அந்நாளில் அயல்நாட்டுப் படம் பார்க்க வேண்டுமானால் மயிலையிலிருந்து அண்ணா சாலைப் பக்கம் போக வேண்டும். சபையர், தேவி, காசினோ, அலங்கார் என்று அரங்குகள் இருந்தன. எங்கள் பக்கத்துக் காமதேனுவிலும் கபாலியிலும், தியாகராய நகர் ராஜகுமாரியிலும், அடையாற்று ஈராசிலும் பெரும்பாலும் தமிழ்ப் படங்களே ஓடும். இவற்றுள் பல இன்று இல்லை. சபையர் 1994-இல் மூடப்பட்டது. பெண்கள் சண்டைப் படத்திற்குத் தனியே போவது வழக்கமன்று. என் தமையனாரோடு போவேன். பிறகு 1980-களில் வீடியோ வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டெக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நான்கு காசெட்டுகளை வாங்கிவந்து, அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டி உட்கார்த்தி வைத்து, இரவு வரை ஓட்டுவார்கள். ஒரு பக்திப் படம், ஒரு பழைய சிவாஜி படம், ஒரு புதுப் படம் என்று பெரியவர்கள் கேட்டதெல்லாம் முடிந்த பிறகு, பிள்ளைகளுக்காக ஒரு சீனப் படம் இருக்கும். பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடுவார்கள். விழித்திருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்படிப் பார்த்தவற்றுள் என் மனத்தில் நிலைத்தது, 1978-இல் ஷா சகோதரர்கள் நிறுவனம் வெளியிட்ட 'ஷாவோலினின் 36-ஆம் அறை' என்ற படம். சென்னையில் மிகவும் பேசப்பட்ட படம் அது. கதை சிறியது. மஞ்சூரியர் ஆட்சியின் கொடுமையால் தன்னைச் சேர்ந்தோரை இழந்த ஓர் இளைஞன் ஷாவோலின் மடத்திற்குத் தப்பி ஓடுகிறான். சண்டை கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறான். அவன் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறார்கள். வெகு காலம் கழித்தே அவனைப் பயிற்சி அறைகளுக்குள் விடுகிறார்கள். அங்கே உணவுக் கூடத்திற்குப் போகும் வழியில் தண்ணீர். அதில் மிதக்கும் கட்டைகள். அவற்றின்மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. நனைந்தவனுக்குச் சோறு இல்லை. அதைக் கடந்தால் மற்றோர் அறை. இரண்டு கைகளையும் நீட்டி, நீர் நிறைந்த வாளிகளைத் தூக்கிச் செல்ல வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கையில் கத்திகள் கட்டப்பட்டிருக்கும். இன்னோர் அறையில் நீண்ட கழியின் நுனியில் கட்டிய சுத்தியலால் மணியை அடிக்க வேண்டும்; மணிக்கட்டு வலுப்பெறுவதற்காக. இப்படி முப்பத்தைந்து அறைகள். படத்தின் பெரும்பகுதி இதிலேயே கழிகிறது. பகைவனைப் பழிவாங்குவது கடைசியில் சில நிமிடங்கள்.

இதைக் கண்டபோது என் அருகில் இருந்த அத்தை, "இது சரளி வரிசையடி" என்றார். அவர் நாற்பது ஆண்டு வாய்ப்பாட்டுக் கற்பித்தவர், சினிமாவை மதியாதவர். அந்த ஒரு சொல்லில் படத்தின் உயிரைப் பிடித்துவிட்டார். எங்கள் வீதிகளில் விடியற்காலையில் நடப்பவர்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு மாடியிலிருந்து ஒரு குழந்தை மாயாமாளவகௌளையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில். "எப்போது பாட்டுச் சொல்லித் தருவீர்கள்?" என்று குழந்தை கேட்கும். மறுமொழி வராது. கலாக்ஷேத்திரத்து மரநிழலில் தட்டடவு பழகும் பெண்ணுக்கும் இதே கதைதான். பாட்டிற்கும் ஆட்டத்திற்கும் முன்னே கிடக்கும் இந்த நெடுவழியை நம் தமிழ்ப் படங்கள் மிக அரிதாகவே காட்டின. நம் கதாநாயகன் பிறவியிலேயே வீரன். ஒரு பாட்டு முடிவதற்குள் சிறுவன் சைக்கிள் மிதித்துக்கொண்டே வாலிபனாகிவிடுவான். சண்டையும் உடன் வந்துவிடும். யாரிடம் கற்றான், எத்தனை நாள் கற்றான் என்று நாம் கேட்பதில்லை. சீனப் படமோ கற்றலையே கதையாக்கிற்று.

இதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் படத்தை இயக்கிய லாவ் கார்-லியுங், தாமே சண்டைக் கலை பயின்றவர். அவருடைய தந்தை லாவ் சாம்; லாவ் சாமின் குரு லாம் சாய்-விங்; லாம் சாய்-விங்கின் குரு, கான்டன் நகரப் பக்கத்தில் வாழ்ந்த வோங் பெய்-ஹுங் என்ற புகழ்பெற்ற வைத்தியர், வீரர். இன்னார் மாணவர்க்கு மாணவர் என்று பாடகர்களின் குரு பரம்பரையை நாம் விரலை மடக்கிச் சொல்லுகிறோமே, அதுபோன்ற பரம்பரைதான் இது. அந்த வோங் பெய்-ஹுங்கைப் பற்றி 1949 முதல் எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. குவான் தக்-ஹிங் என்ற ஒரே நடிகர் அவற்றில் நடித்தார். தம் குருவின் குருவுக்குக் குருவைப் பற்றிப் படம் எடுக்கும் ஒருவர், அறைகளைச் சுருக்கிவிட்டுச் சண்டைக்கு ஓடுவாரா?

ஜாக்கி சானையும் இவ்வாறே கருத வேண்டும். அவரைச் சிரிப்பு நடிகர் என்று எண்ணுவோர் பலர். ஏழு வயதளவில் அவரைப் பீக்கிங் இசைநாடகப் பள்ளி ஒன்றில் பெற்றோர் சேர்த்தனர். யூ ஜிம்-யுவென் என்பவர் ஆசிரியர். பத்தாண்டுகள் அங்கேயே தங்கிப் பாட்டு, நடிப்பு, கரணம், கம்புச் சண்டை அனைத்தையும் பயின்றார். நம் ஊரில் பாய்ஸ் கம்பெனி என்று இருந்தனவே, சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்த நாடகக் குழுக்கள், அவற்றின் நினைவே எனக்கு வருகிறது. பெரும் நடிகர்கள் அவற்றிலிருந்து வந்தார்கள் என்பது உண்மை. அங்கே பிள்ளைகள் பட்ட அடியும் பட்டினியும் உண்மை. ஹாங்காங் பள்ளியிலும் பிரம்பு ஓய்ந்திருக்கவில்லை என்பதை ஜாக்கி சானே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் இப்படங்களைப் புகழும்போது இதை மறைத்துப் புகழ விரும்பவில்லை. அவர் 2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' படத்தின் பாடல் வெளியீட்டு விழாவிற்காகச் சென்னைக்கு வந்தபோது நேரு விளையாட்டரங்கில் எழுந்த ஆரவாரத்தை நேயர்களில் சிலர் நினைவுகூரலாம்.

கால்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சீனப் படத்தில் ஒருவன் சண்டையிடும்போது, தலை முதல் பாதம் வரை அவனைக் காணலாம். காமிரா சற்றே விலகி நிற்கும். ஐந்து அசைவு, எட்டு அசைவு வெட்டில்லாமல் தொடரும். ஆகவே அடிப்பவன் எங்கே காலூன்றினான், எந்தத் தோளைத் திருப்பினான் என்பதை நாம் காண்கிறோம். இசைநாடக மேடையில் வளர்ந்த கலை அல்லவா அது? மேடையில் பாதத்தை மறைக்க முடியாது. 1966-இல் கிங் ஹூ இயக்கிய 'கம் டிரிங்க் வித் மி' என்ற படத்தில் செங் பெய்-பெய் என்ற இளம் நடிகை ஒரு சத்திரத்தில் பகைவர் நடுவே அமர்ந்திருப்பாள். அவர்கள் சுற்றி வளைக்க, அவள் அசையாமலே இருப்பாள், அசைந்தால் மின்னல். அந்த அம்மையார் பாலே நடனம் பயின்றவர். 2024-இல் காலமானார். புரூஸ் லீயுங்கூட 1958-இல் ஹாங்காங்கில் சா-சா நடனப் போட்டியில் பரிசு பெற்றவர். நடனம் அறிந்தவர்களே நல்ல சண்டைக்காரர்களாக இருப்பதில் வியப்பென்ன? தாளம் தெரியாதவன் அடிக்கவும் மாட்டான். அடிக்குத் தப்பவும் மாட்டான்.

இதே உண்மையை நம் சென்னையிலேயே ஒருவர் எதிர்த்திசையிலிருந்து கண்டார். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வாழ்ந்த சந்திரலேகா, பரதம் பயின்று அரங்கேறியவர். 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தோடு களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒரே மேடையில் வைத்தார். சபைகளில் அதனை ஏற்காதவர் பலர். நகையும் பட்டும் பாவனையும் எங்கே என்று கேட்டனர். ஆயினும், அரைமண்டியில் நிற்கும் நாட்டியப் பெண்ணும், களரியில் தாழ்ந்து நிற்கும் வீரனும் ஒரே நிலையில் நிற்பதை ஒருமுறை கண்டவர், பிறகு அதைக் காணாதிருக்க முடியாது. 2006-இல் அவர் மறைந்தார். அவருடைய நடனத்தைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். சண்டைப் படம் பார்க்கும் பழக்கம் உடையவர்களுக்கு அது எளிதில் விளங்கும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, இப்படங்களைப் பார்க்கும் வழியை எனக்குக் கற்றுத்தந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தோம். பின்கட்டில் ஒரு குடும்பம். அந்த வீட்டுத் தலைவர் வடபழனிப் பக்கத்து ஸ்டூடியோக்களில் சண்டைக் கலைஞர். நடிகருக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்வார், 'டூப்' என்பார்கள். பெரிய நடிகர்கள் பலருக்காக விழுந்தவர். அவர் முகம் எந்தப் படத்திலும் தெரியாது. முதுகு தெரியும். எங்கள் வீட்டு டெக்கில் சீனப் படம் ஓடும்போது அவர் வாசற்படியில் வந்து உட்காருவார். ஒரு நாள் நாங்கள் கதாநாயகனின் உதையைக் கண்டு கைகொட்டியபோது, "அடிக்கிறவனைப் பார்க்காதே தங்கச்சி, விழுகிறவனைப் பார்" என்றார்.

பார்த்தேன். அன்று முதல் எனக்கு இப்படங்கள் வேறாகிவிட்டன. உதைப்பவன் காலைத் தூக்குகிறான், அது பயிற்சி. ஆனால் உதைக்கு வலிமை தருபவன் விழுபவன். அவன் எவ்வளவு உயரம் எழும்பினான், எந்த மேசையின்மேல் முதுகால் விழுந்தான், விழுந்தபின் எவ்வளவு நேரம் எழாமல் கிடந்தான் என்பதைக் கொண்டே நாம் உதையை அளக்கிறோம். விழுபவன் தன் கலையில் குறைந்தால் வீரனும் குறைந்துபோவான். நம் படத்தில் 'டிஷ்யூம்' என்ற ஒலியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். விழுவதைப் பின்னால் சேர்க்க இயலாது. அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருப்பார்களாம். பெட்டிகள் வெறுமையாக இருக்க வேண்டும். மூலைகள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. இதை அவர் தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். ஒரு சமயம் ஒரு படப்பிடிப்பில் அடுக்கு விலகிவிட்டது. அதன்பின் அவர் இடக்கையை உயர்த்தித் தலை சீவ முடியாமற் போயிற்று. அவர் மனைவியார் சீவிவிடுவார். எந்தக் கம்பெனி, யாருக்காகக் குதித்தார் என்பதையெல்லாம் அவர் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

ஜாக்கி சான் தம் படங்களின் முடிவில், படப்பிடிப்பில் தவறிய காட்சிகளையும் பட்ட காயங்களையும் சேர்த்துக் காட்டுவார். 'ஆர்மர் ஆப் காட்' படத்திற்காக யுகோஸ்லாவியாவில் மரக்கிளைக்குத் தாவியபோது கிளை முறிந்து அவர் மண்டையோடு உடைந்தது, அதையும் காட்டினார். மக்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்கள். எங்கள் பின்கட்டுக்காரர் மட்டும் அதுவரை பேசிக்கொண்டிருந்தவர், அப்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

இந்தத் தொழிலாளர்களை உலகம் மிகத் தாமதமாகவே கவனித்தது. ஹாங்காங்கில் சண்டை அமைப்புக்கென்று 1980-களிலேயே விருது ஏற்பட்டுவிட்டது. நம் நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை இயக்கத்திற்கு இடம் கிடைத்தது 2017-இல்தான். அதனை முதலில் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். தமிழ்த் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். ஆஸ்கார் கழகம் 2025 ஏப்ரலில்தான் இதனை ஒப்புக்கொண்டது. 2027-இல் வெளியாகும் படங்களுக்கு 2028-இல் முதன்முறையாக விருது தரப்படும் என்று அறிவித்தது. 'முரட்டுக்காளை' முதலிய எத்தனையோ படங்களுக்குச் சண்டை அமைத்த ஜூடோ ரத்தினம் இந்த அறிவிப்பைக் கேட்க இல்லை. அவர் 2023-இல் மறைந்தார். விருது ஒருபுறம் இருக்கட்டும். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் பாய்ந்து புரளும் காட்சியில் அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் எந்தப் படமும் பார்க்கவில்லை. கணினியால் கடலையும் வானத்தையும் உண்டாக்கிவிடுகிறோமே, ஒரு கார் புரள்வதற்கு ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, திரைத் தொழிலில் இருப்போர் விடை சொல்ல வேண்டும். காசு கொடுத்துப் பார்க்கும் நாமும் அதைக் கேட்கும் உரிமை உடையவர்களே.

இனி ஒரு சிக்கலான பொருளுக்கு வருகிறேன். பதின்மூன்று வயதான என் பேத்தி தியாகராய நகரில் படிக்கிறாள்; மூன்று ஆண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறாள். அவள் பள்ளியில் பேச்சுப் போட்டி. 'தமிழர் வீரக்கலை' என்பது தலைப்பு. "காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதருமரே சீனருக்குச் சண்டைக்கலையைக் கற்றுக்கொடுத்தார் என்பதில் ஐயமில்லை" என்று எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். சூர்யா போதிதருமராக நடித்த 'ஏழாம் அறிவு' 2011-இல் வந்தது முதல் இந்தச் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடம். "உண்மைதானே பாட்டி?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? எனக்கும் அது உண்மையாக இருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் நூல்கள் சொல்வது வேறு. போதிதருமர் தென்னிந்தியாவில் ஓர் அரசனுடைய மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுகிறது. 547-ஆம் ஆண்டையொட்டி எழுதிய யாங் சுவான்ழி என்பவரோ அவரைப் பாரசீகத்தவர் என்கிறார். காஞ்சியோடு அவரைச் சேர்ப்பது பிற்கால மரபு. ஷாவோலின் மடம் 495-இல் நிறுவப்பட்டது. அது புத்தபத்திரர் என்ற மற்றோர் இந்தியத் துறவிக்காக எழுப்பப்பட்டது. 621-இல் அந்த மடத்துத் துறவிகள் தாங் வமிசத்து லீ ஷிமினுக்குப் போரில் உதவினர் என்பதற்கு 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு மடத்திலேயே இருக்கிறது. அதில் சண்டை உண்டு. போதிதருமர் கற்றுக்கொடுத்தார் என்பது இல்லை. அவருக்கும் உடற்பயிற்சிக்கும் முடிச்சுப் போடும் நூல் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. ஆயிரம் ஆண்டு இடைவெளி! சீன அறிஞர்களே இதனை 1930-களில் ஆராய்ந்து மறுத்திருக்கிறார்கள். தியானத்தைக் கொண்டு சென்ற பெருமை போதிதருமருக்குச் சீனமும் ஜப்பானும் ஒருமனதாகத் தரும் பெருமை; அது சிறியதா? அதைக் கீழே வைத்துவிட்டு, குத்தையும் உதையையும் அவர் தோளில் ஏற்றுவானேன்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வரியை எடுத்துவிட்டால் கைதட்டல் வராதே பாட்டி" என்றாள். அது மெய்தான். பிறகு அவளே 'ஐயமில்லை' என்பதை அடித்துவிட்டு, 'என்பர்' என்று எழுதினாள். "காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசரான போதிதருமரே சீனருக்குச் சண்டைக்கலையைக் கற்றுக்கொடுத்தார் என்பர்." உரையாசிரியர்கள் கையாண்ட அந்தச் சிறு சொல் எவ்வளவு பெரிய உதவி செய்தது, பாருங்கள்! அதன் கீழே, ஆமூர் மல்லனைப் பற்றியும், மாமல்லன் என்று பெயர் கொண்ட நரசிம்மவர்மனைப் பற்றியும் இரண்டு பத்தி புதிதாக எழுதினாள். அவை நம்முடையவை; யாரும் கேள்வி கேட்க இயலாதவை.

பெண்பிள்ளை கம்பு சுழற்றுவதைப் பற்றியும் ஒரு சொல். சீனப் படங்களில் பெண் சண்டையிடுவது புதுமையாகக் கருதப்படுவதில்லை. 'கம் டிரிங்க் வித் மி'யில் இருபது வயதில் வாள் ஏந்திய அதே செங் பெய்-பெய், 2000-ஆம் ஆண்டில் ஆங் லீயின் 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்தில் ஐம்பதைத் தாண்டிய வயதில் வில்லியாக வந்தார். அந்தப் படத்தில் மிஷெல் யோவும் சாங் சீயியும் ஒரு கூடத்தில் ஆயுதம் மாற்றி மாற்றிப் பொருவார்கள். மூத்தவள் ஒவ்வோர் ஆயுதமாக இழந்துகொண்டே வருவாள். இளையவள் கையில் வெட்ட முடியாத வாள். இருந்தும் மூத்தவளே ஒரு கணத்தில் இளையவளின் கழுத்தருகே உடைந்த வாளை வைத்துவிடுவாள், வைத்துவிட்டு வெட்டமாட்டாள். அந்தப் படம் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. விருது கிடைக்காவிட்டாலும், அந்தக் கூடத்துச் சண்டைக்காக நான் அதை நான்கு முறை பார்த்திருப்பேன். மாடிப்படியில் ஏறும் வயதான பெண்களுக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பேத்தி அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. படிப்புக் கெடும், கை கால் முறிந்தால் என்ன செய்வது, பெண்ணுக்கு இது எதற்கு என்று அவள் தாய் சிலம்பத்தை நிறுத்தச் சொல்லுகிறாள். என் மகளின் அச்சத்தை நான் இகழமாட்டேன். தலை சீவ முடியாத ஒருவரை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். "அந்த மாமாவை மறந்துவிட்டாயா அம்மா?" என்று அவள் கேட்டபோது, மறக்கவில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அவர் விழுந்தது பிறர் அடுக்கிய பெட்டிகளின்மேல். இவள் நிற்பது தன் காலடியில். இரண்டும் ஒன்றல்ல என்று நான் வாதிக்கிறேன். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னேன். மகள் அதற்கு மயங்கவில்லை. அரைப் பரீட்சை மதிப்பெண் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று ஒத்திவைத்திருக்கிறாள்.

அதுவரை பயிற்சி உண்டு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாடியில் கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலி கேட்கும். முதலில் சுழற்சி இல்லை, வெறும் காலடிதான். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, திரும்பி ஒன்று. அதையே அரை மணி நேரம் செய்கிறாள். "எப்போது சுருள்வாள் கற்றுத் தருவார் உன் ஆசான்?" என்று நேற்றுக் கேட்டேன். கேட்டதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லையாம். எதிர்வீட்டு மாடியில் அதே நேரத்தில் ஒரு சிறுமி ஜண்டை வரிசை பாடிக்கொண்டிருக்கிறாள். சில நாள்களில் இவளுடைய காலடி அவளுடைய தாளத்தில் தானாகவே விழுகிறது.